வேறு எஞ்சினுக்குக் கையியக்க கியர்பெட்டியைப் பொருத்துதல்

ஒரு காரின் எஞ்சினுக்கென வடிவமைக்கப்பட்ட கையியக்க கியர்பெட்டியை, வேறொரு எஞ்சினின் பின்முகத்தோடு இணைத்து இயங்கச் செய்வது வாகனப் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலைகளுள் ஒன்றாகும். பார்வைக்கு இது இரண்டு இரும்புப் பெட்டிகளைப் போல்ட் போட்டு இறுக்குவது போலத் தோன்றும். உண்மையில் இதன் வெற்றியும் தோல்வியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே முடிவாகின்றன. எஞ்சினின் கிராங்க் தண்டும் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். கிளட்ச் முழுமையாகப் பற்றவும் முழுமையாக விடவும் வேண்டும். இவற்றில் எது தவறினாலும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே தாங்கிகள் தேயும், கிளட்ச் தட்டு உடையும், சில வேளைகளில் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து நேரும்.

இக்கட்டுரை இவ்வேலையின் அடிப்படைகளையும், இந்தியக் கார்களில் இது நடந்த விதத்தையும், அளவெடுக்கும் முறையையும், சட்ட நிலையையும் விளக்குகிறது.

ஏன் மாற்றுகிறார்கள்?

எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே வயதில் பழுதாவதில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய காருக்கு அதன் எஞ்சினின் உதிரிபாகங்கள் கிடைக்காமல் போகலாம். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்க உரிமையாளர் விரும்பலாம். நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர் பெட்டி வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. இவை தவிர, மாணவர் போட்டி வாகனங்கள், படகுகள், பண்ணை இயந்திரங்கள் போன்றவற்றில் கைக்குக் கிடைத்த எஞ்சினோடு கிடைத்த கியர்பெட்டியை இணைக்க நேர்கிறது.

எஞ்சினோடு அதற்குரிய கியர்பெட்டியையும் சேர்த்தே மாற்றுவது எளிய வழி. அப்போது இரண்டுக்கும் இடையிலான இணைப்பில் கை வைக்கத் தேவையில்லை. தாங்கு முனைகளையும் பின்னால் செல்லும் புரொப்பெல்லர் தண்டையும் மட்டும் மாற்றினால் போதும். காரின் சுரங்க அமைப்பு, கியர் நெம்புகோலின் இடம், நான்கு சக்கர இயக்கப் பெட்டி ஆகியவற்றின் காரணமாகப் பழைய கியர்பெட்டியையே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வரும்போதுதான் இணைப்புத் தட்டின் தேவை எழுகிறது.

இந்தியக் கார்களில் நடந்த மாற்றங்கள்

ஓர் உடற்கூட்டில் வேறு எஞ்சினைப் பொருத்துவது இந்தியக் கார்த் தொழிற்சாலைகளே செய்த வேலைதான். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டு உடற்கூட்டுக்கு உள்நாட்டில் கிடைத்த எஞ்சினையோ, பழைய உடற்கூட்டுக்குப் புதிய ஒப்பந்தத்தில் வந்த எஞ்சினையோ பொருத்தினார்கள்.

சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. இதன் உடற்கூடு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காருடையது. பிரிட்டனில் அந்தக் கார் 1976இல் 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு அறிமுகமானது. சென்னையில் அதற்குள் வைக்கப்பட்டதோ ஸ்டாண்டர்டு வான்கார்டு வழிவந்த பழைய 1991 சிசி எஞ்சின். உடற்கூட்டின் எடைக்கும் எஞ்சினின் திறனுக்கும் பொருத்தம் இல்லாததால் கார் மந்தமாகவே ஓடியது. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பும் நின்றது. எஞ்சினைப் பொருத்திவிட முடிகிறது என்பதாலேயே கார் நன்றாக ஓடிவிடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உள்ள சான்று இது.

அதே 1985இல் பிரீமியர் நிறுவனம் வெளியிட்ட 118 என்.இ. காரில் ஃபியட் 124 வழிவந்த உடற்கூடும் நிசான் ஏ12 வகை 1171 சிசி எஞ்சினும் இருந்தன. பெயரில் உள்ள என்.இ. என்பது நிசான் எஞ்சின் என்பதைக் குறிக்கும். இங்கு எஞ்சினோடு நிசான் கியர்பெட்டியும் சேர்ந்தே வந்தது.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கான்டெசா முதலில் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினோடு வந்தது. பெரிய உடலுக்கு அந்த எஞ்சின் போதவில்லை. பின்னர் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்த்து வைக்கப்பட்டபோதுதான் கார் பெயர் வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் அதே இணை அம்பாசடருக்கும் வந்தது.

மூன்று எடுத்துக்காட்டுகளையும் ஒப்பிட்டால் ஒரு பாடம் கிடைக்கிறது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணையாகவே கொண்டுவந்த இடங்களில் வேலை எளிதாகவும் பலன் நன்றாகவும் அமைந்தது.

தனியார் பட்டறைகளிலும் இவ்வேலை பரவலாக நடந்தது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை வேறுபாடு மிகுந்திருந்த காலத்தில், வாடகைக்கு ஓடிய பெட்ரோல் அம்பாசடர்களிலும் ஜீப்புகளிலும் டீசல் எஞ்சின்களை ஏற்றினர். அந்த மாற்றங்களில் பல, பட்டறைக்காரரின் கண்ணளவையும் கைப்பழக்கத்தையும் நம்பியே செய்யப்பட்டன. நன்றாக ஓடியவையும் உண்டு. அடிக்கடி கிளட்ச் தட்டு மாற்றிக்கொண்டே இருந்தவையும் உண்டு.

இணைப்பில் உள்ள உறுப்புகள்

எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே உள்ள உறுப்புகளை வரிசையாகத் தெரிந்துகொண்டால் பிரச்சினைகள் எங்கே வரும் என்பது விளங்கும்.

கிராங்க் தண்டின் பின்முனையில் ஒரு வட்ட முகப்பு உண்டு. அதன்மேல் ஃபிளைவீல் போல்ட்களால் இறுக்கப்படுகிறது. ஃபிளைவீலின் விளிம்பைச் சுற்றியுள்ள பல்வளையத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பற்சக்கரம் வந்து கடிக்கும். ஃபிளைவீலின் தட்டையான முகத்தில் கிளட்ச் தட்டு படிந்திருக்கும். அதை அழுத்தத் தட்டு இறுக்கிப் பிடிக்கும். கிளட்ச் தட்டின் நடுவில் உள்ள ஸ்பிளைன் பற்களுக்குள் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு நுழைகிறது. அத்தண்டின் மூக்குமுனை கிராங்க் தண்டின் நடுத்துளையில் உள்ள பைலட் புஷ் அல்லது பைலட் பேரிங்கில் உட்காருகிறது. இவை அனைத்தையும் மூடி நிற்பது பெல் ஹவுசிங் எனப்படும் மணி வடிவ உறை. எஞ்சின் பிளாக்கின் பின்முகத்தில் உள்ள இரண்டு டவல் பின்கள் இந்த உறையைச் சரியான மையத்தில் நிறுத்துகின்றன. போல்ட்களின் வேலை இறுக்கிப் பிடிப்பது. மையத்தை நிர்ணயிப்பது டவல் பின்களே. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மறக்கக் கூடாது.

சரிபார்க்க வேண்டிய பொருத்தங்கள்

முதலாவது, போல்ட் அமைப்பு. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் எஞ்சின் குடும்பத்துக்கெனத் தனி அமைப்பு வைத்துள்ளனர். லாரி, தொழிலக டீசல் எஞ்சின்களில் எஸ்.ஏ.இ. தர அளவுகள் பின்பற்றப்படுவதால் அங்கு மாற்றுவது எளிது. எடுத்துக்காட்டாக, எஸ்.ஏ.இ. 3 எண் உறைக்கு 428.6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 12 போல்ட்கள் என்பது விதி. எந்த நிறுவனம் செய்தாலும் அது மாறாது. கார்களில் அப்படியொரு பொது விதி இல்லை.

இரண்டாவது, ஆழம். பிளாக்கின் பின்முகத்திலிருந்து ஃபிளைவீலின் உரசும் முகம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

மூன்றாவது, ஸ்பிளைன். கிளட்ச் தட்டின் நடுப்பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் கியர்பெட்டியின் தண்டோடு ஒத்துப்போக வேண்டும். வெளிவிட்டமோ எஞ்சினின் அழுத்தத் தட்டோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் தட்டு கடையில் கிடைக்காவிட்டால், எஞ்சினின் தட்டில் கியர்பெட்டித் தட்டின் நடுப்பகுதியை மாற்றிப் பொருத்தித் தரும் கிளட்ச் பட்டறைகள் உண்டு.

நான்காவது, பைலட் புஷ். உள்விட்டம் தண்டின் மூக்குக்கும், வெளிவிட்டம் கிராங்க் துளைக்கும் பொருந்த வேண்டும். இது லேத்தில் எளிதாகக் கடைந்தெடுக்கக் கூடியது. எண்ணெய் ஊறிய வெண்கலம் இதற்கு ஏற்றது.

ஐந்தாவது, ஸ்டார்ட்டர். சில கார்களில் இது எஞ்சின் பிளாக்கிலும் சிலவற்றில் பெல் ஹவுசிங்கிலும் பொருத்தப்படும். பல்வளையத்தின் விட்டமும் பற்களின் எண்ணிக்கையும் ஸ்டார்ட்டரோடு சேர வேண்டும்.

ஆறாவது, கிளட்சை விடுவிக்கும் அமைப்பு. அழுத்தத் தட்டின் விரல்களின் உயரம் மாறினால் ரிலீஸ் பேரிங் எட்டாமல் போகலாம். அல்லது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கலாம். இரண்டும் தவறு.

ஏழாவது, சுழலும் திசை. பெரும்பாலான கார் எஞ்சின்கள் முன்புறமிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுழல்கின்றன. ஹோண்டாவின் பழைய எஞ்சின் குடும்பங்கள் சில எதிர்த்திசையில் சுழல்பவை. அவற்றை வேறு நிறுவனத்தின் பின்சக்கர இயக்கக் கியர்பெட்டியோடு இணைத்தால், காருக்கு முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி நான்கு ஐந்து கியர்களும் கிடைக்கும்.

எட்டாவது, முறுக்குவிசை தாங்கும் திறன். எஞ்சின் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்து, முதல் கியரின் விகிதம் 3.8 ஆக இருந்தால், வெளியேறும் தண்டில் 494 நியூட்டன் மீட்டர் வரும். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கென வடிவமைத்த கியர்பெட்டியில் பெரிய டீசல் எஞ்சினைப் பூட்டினால் பற்களும் பேரிங்குகளும் அதைத் தாங்காது. டீசலின் துடிப்பும் கடுமையானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தட்டின் தடிமனைக் கணக்கிடுதல்

அடாப்டர் தட்டு என்பது ஒரு முகத்தில் எஞ்சினின் துளை அமைப்பும், மறுமுகத்தில் கியர்பெட்டியின் துளை அமைப்பும் கொண்ட தடித்த உலோகத் தட்டு. இதன் தடிமன் விருப்பத்துக்கு வைப்பதல்ல, கணக்கிலிருந்து வருவது. கீழ்வரும் எடுத்துக்காட்டில் உள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. பிளாக்கின் பின்முகத்தைச் சுழியம் எனவும், கியர்பெட்டியை நோக்கிய திசையைப் பின்புறம் எனவும் கொள்வோம்.

கியர்பெட்டியின் பழைய எஞ்சினில், ஃபிளைவீலின் உரசும் முகம் பிளாக் முகத்துக்குப் பின்னால் 12 மி.மீ. தூரத்தில் இருந்தது. உள்ளீட்டுத் தண்டின் முனை பிளாக் முகத்தைத் தாண்டி 8 மி.மீ. முன்னால், எஞ்சினுக்குள் சென்றது. ஆகவே உரசும் முகத்திலிருந்து தண்டின் முனை வரை 12 + 8 = 20 மி.மீ.

புதிய எஞ்சினில் உரசும் முகம் பிளாக் முகத்துக்குப் பின்னால் 30 மி.மீ. தூரத்தில் உள்ளது. ஃபிளைவீலின் தடிமன் 25 மி.மீ. எனவே கிராங்க் முகப்பு பிளாக் முகத்துக்குப் பின்னால் 5 மி.மீ. தூரத்தில் நிற்கிறது.

கிளட்ச் தட்டும் ரிலீஸ் பேரிங்கும் கியர்பெட்டியைப் பொறுத்துப் பழைய இடத்திலேயே அமைய வேண்டுமானால், கியர்பெட்டியை 30 − 12 = 18 மி.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். இதுவே தட்டின் தடிமன்.

இப்போது தண்டின் முனை எங்கே வரும்? முன்பு பிளாக் முகத்துக்கு 8 மி.மீ. முன்னால் இருந்த முனை, 18 மி.மீ. பின்னுக்கு நகர்ந்து, பிளாக் முகத்துக்கு 10 மி.மீ. பின்னால் நிற்கும். கிராங்க் முகப்போ 5 மி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதாவது தண்டின் மூக்கு கிராங்க் துளையைத் தொடவே இல்லை; 5 மி.மீ. குறைகிறது.

தட்டைச் சரியாகச் செய்தவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். பெட்டி போல்ட்டில் இறுகிவிடும், கிளட்சும் வேலை செய்வது போலத் தோன்றும், ஆனால் தண்டின் முன்முனை தாங்கலின்றி அந்தரத்தில் சுழலும். சிறிது காலத்தில் கியர்பெட்டியின் முன் பேரிங் போய்விடும்.

இதற்குத் தீர்வு நீட்டிய புஷ். மூக்கின் 15 மி.மீ. நீளத்தைத் தாங்க வேண்டுமெனில் புஷ் 10 மி.மீ. தொடங்கி 25 மி.மீ. தூரம் வரை இருக்க வேண்டும். கிராங்க் துளையில் இறுகப் பிடித்து, முகப்பிலிருந்து 20 மி.மீ. வெளியே நீளும் ஒரு படிவைத்த தாங்கியை எஃகில் கடைந்து, அதனுள் வெண்கலப் புஷ்ஷை அடிக்க வேண்டும். ஃபிளைவீலின் உரசும் முகம் 30 மி.மீ. தூரத்தில் உள்ளதால், தாங்கி அதற்குள் 5 மி.மீ. அடங்கியே இருக்கும். கிளட்ச் தட்டின் நடுக்குமிழ் அதில் இடிக்கிறதா என்பதை மட்டும் தட்டை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டைச் செய்தல்

தட்டுக்கு மென்எஃகு அல்லது நல்ல அலுமினியக் கலவை பயன்படுகிறது. எஃகு கனமானது, ஆனால் மரை நன்கு பிடிக்கும். அலுமினியத் தட்டில் மரை வெட்டினால் எஃகு மரைச்சுருள் பதிப்பது நல்லது.

இரண்டு துளை அமைப்புகளும் ஒரே மையத்தைச் சுற்றி வரைய வேண்டும். ஒரு தொகுதித் துளைகளில் தலை உள்ளே அமிழும் போல்ட்களால் தட்டு எஞ்சினில் இறுக்கப்படும். மறு தொகுதித் துளைகளில் மரை வெட்டி கியர்பெட்டி இறுக்கப்படும். இரு தொகுதியில் சில துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், கியர்பெட்டியைச் சில பாகை சுழற்றி வைத்துத் துளைகளைப் பிரிக்கலாம். ஆனால் அப்போது கியர் நெம்புகோலும் சாயும். கியர் எண்ணெய் மட்டமும் மாறும்.

திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் படிக்கும் மாணவர்களுக்கு இதற்கான அடிப்படைத் திறன் புதியதல்ல. 1965இல் தொடங்கப்பட்ட பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த சிறுதொழில் கூடங்களில் அன்றாடம் நடக்கும் வேலைகளுள் ஒன்று, குழாய் முகப்புத் தட்டுகளில் போல்ட் வட்டம் குறித்துத் துளையிடுவது. அடாப்டர் தட்டும் அதே வகை வேலைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குழாய் முகப்பில் போல்ட் துளைக்கு ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் இடையில் உள்ள கேஸ்கெட் காப்பாற்றிவிடும். சுழலும் தண்டுகளை இணைக்கும் தட்டில் அந்தச் சலுகை கிடையாது. டவல் துளைகளைச் சாதாரண டிரில்லில் போட்டு விடாமல், துல்லியமாக போரிங் செய்தோ ரீமர் ஓட்டியோ முடிக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக், டர்னர், மெஷினிஸ்ட் எனத் தனித்தனிப் பிரிவுகளில் கற்பவர்கள் சேர்ந்து செய்தால் பலன் தரும் பயிற்சி இது. ஒருவர் அளவெடுக்க, ஒருவர் புஷ் கடைய, ஒருவர் தட்டைத் துளையிடலாம்.

மையம் சரிபார்த்தல்

தட்டும் பெல் ஹவுசிங்கும் பொருத்திய பின், கிளட்சைப் பூட்டுமுன், மையத்தைச் சோதிக்க வேண்டும். டயல் கேஜின் காந்த அடியை ஃபிளைவீலில் வைத்து, அதன் முனையைப் பெல் ஹவுசிங்கின் பின்புற மையத்துளையின் உள்விளிம்பில் தொடவிட வேண்டும். பிறகு கிராங்க் தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, முள் காட்டும் மிகப்பெரிய, மிகச்சிறிய அளவுகளைக் குறிக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியே மைய விலகல். முள் மொத்தம் 0.40 மி.மீ. ஆடினால் மையம் 0.20 மி.மீ. விலகியுள்ளது என்று பொருள். முள்ளின் மொத்த ஆட்டம் சுமார் 0.13 மி.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. மிகுந்தால், மையம் விலகிய டவல் பின்களைப் பயன்படுத்தி உறையை நகர்த்திச் சரிசெய்யலாம். துளைகளை அகலமாக்கிப் போல்ட்டை இறுக்குவது தீர்வாகாது. ஓட்டத்தின் அதிர்வில் அது மீண்டும் நகரும்.

இதேபோல உறையின் பின்முகம் கிராங்க் தண்டுக்குச் செங்குத்தாக உள்ளதா என்பதையும் முள்ளை முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தட்டின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகச் சமன் செய்யப்படாவிட்டால் பிழை இங்கே தெரியும்.

கியர்பெட்டியை ஏற்றும்போது தண்டு முழுமையாக உள்ளே போகாவிட்டால், போல்ட்டை முறுக்கி இழுக்கவே கூடாது. கையால் தள்ளி உறை தட்டோடு படிந்த பிறகே போல்ட்கள் இறுக வேண்டும். இழுத்து இறுக்கியவர்கள் கிளட்ச் தட்டை வளைத்ததும் உறையின் காதை உடைத்ததும் பட்டறைகளில் சாதாரணம்.

பின்புற வேலைகள்

கியர்பெட்டி 18 மி.மீ. பின்னுக்குச் சென்றால் புரொப்பெல்லர் தண்டு அதே அளவு குறுக வேண்டும். சறுக்கு இணைப்பில் இடமிருந்தால் அதுவே ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் தண்டை வெட்டிப் பற்றவைத்துச் சமநிலை பார்க்க வேண்டும். இரு முனைகளிலும் உள்ள குறுக்கிணைப்புகளின் கோணங்கள் சமமாக அமையாவிட்டால் வேகத்தில் அதிர்வு வரும்.

வேகக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.5, மேல் கியர் விகிதம் 1 எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 4000 சுற்றில் கார் மணிக்கு 101 கி.மீ. செல்லும். பெட்ரோல் எஞ்சின் 5500 சுற்று வரை போகும் என்பதால் அங்கு இது குறையாகத் தெரியாது. 4000 சுற்றோடு நிற்கும் டீசல் எஞ்சினுக்கோ இதுவே உச்சவேகம். நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்போதும் கத்திக்கொண்டே ஓடும். 0.85 விகிதமுள்ள ஐந்தாம் கியர் இருந்தால் அதே சுற்றில் 119 கி.மீ. கிடைக்கும். டிஃபரன்ஷியலை 3.9 விகிதத்துக்கு மாற்றினால் 117 கி.மீ. கிடைக்கும். எது எளிது, எது மலிவு என்று ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

கிளட்சை முழுவதும் மிதித்தும் கியர் விழ மறுத்தால், ரிலீஸ் பேரிங்கின் ஓட்டம் போதவில்லை அல்லது பைலட் புஷ் தண்டைப் பிடிக்கிறது எனக் கொள்ளலாம். மிதித்தவுடன் இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கையோ பைலட் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். கிளட்சை விட்டு நியூட்ரலில் நிற்கும்போது இரைந்தால் கியர்பெட்டியின் முன் பேரிங் தேய்ந்துள்ளது எனலாம். பின்சக்கர இயக்கக் கார்களில் மேல் கியர் தானாகவே கழன்று விழுவது மையவிலகலின் தெளிவான அடையாளம். அந்த கியரில் உள்ளீட்டுத் தண்டும் முதன்மைத் தண்டும் நேராகப் பூட்டப்படுவதால், சிறு கோணலும் பூட்டைத் தள்ளிவிடும். கிளட்ச் தட்டின் நடுப்பகுதி திரும்பத் திரும்ப விரிசல் விட்டாலும் காரணம் அதுவே. தட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது செலவு வைக்குமே தவிர நோய் தீராது.

வேறு எஞ்சினின் ஃபிளைவீலைத் துளையை மட்டும் மாற்றிப் பொருத்துவதும் ஆபத்தானது. அது சமநிலை பார்க்கப்பட வேண்டும். அதிவேகத்தில் சிதறும் ஃபிளைவீலின் துண்டு, அலுமினிய உறையையும் காரின் தரையையும் கிழித்து ஓட்டுநரின் காலை எட்டக்கூடியது. பந்தயக் கார்களில் எஃகு உறை வைப்பது இதனால்தான்.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. எஞ்சின் எண், கொள்ளளவு, எரிபொருள் ஆகியன அந்தச் சான்றிதழில் இடம்பெறுபவை. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவின் கண்டிப்பை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182அ பிரிவு, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இதைவிடப் பெரிய இழப்பு விபத்தின்போது நேரலாம். அறிவிக்காமல் மாற்றிய காருக்கான காப்பீட்டுக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கக்கூடும்.

எனவே, பொதுச்சாலையில் ஓடும் காருக்கு வேறு வகை எஞ்சினை ஏற்ற எண்ணுபவர், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நல்லது. அதே வகை எஞ்சினை மாற்றுவது வேறு. அதற்கும் உரிய ஒப்புதலும் பதிவும் தேவை.

மாணவர்களுக்கான களம்

சாலைக்கு வெளியே இவ்வறிவுக்கு நிறைய இடமுண்டு. 2007 முதல் நடந்துவரும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில், பல கல்லூரி அணிகள் 305 சிசி பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் எஞ்சினோடு மகிந்திரா ஆல்ஃபா மூன்று சக்கர வண்டியின் கியர்பெட்டியை இணைத்திருக்கின்றன. அந்த எஞ்சினின் வெளித்தண்டு சாவிக்காடி வெட்டிய நேர்த்தண்டு; கார் எஞ்சினைப் போன்ற முகப்போ ஃபிளைவீல் இருக்கையோ அதில் இல்லை. கிளட்சைத் தாங்கும் நடுக்கூடு ஒன்றையும், இரண்டையும் இணைக்கும் தட்டையும் மாணவர்களே வடிவமைக்க வேண்டும். மேலே கண்ட மையம், ஆழம், ஸ்பிளைன் ஆகிய மூன்று கேள்விகளும் அங்கு அப்படியே வருகின்றன.

பழைய கார்களை மின்வண்டியாக மாற்றும் வேலையிலும் இதே நிலைதான். எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டாரைப் பழைய கியர்பெட்டியின் வாயில் பொருத்தும் அமைப்புகளில் அடாப்டர் தட்டும் இணைப்புக் குமிழும் தேவைப்படுகின்றன. இத்தகைய தொகுப்புகளுக்கு இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 123 தரவிதியின்படி ஒப்புதல் பெறும் வழி உள்ளது. எஞ்சின் மறைந்தாலும் டயல் கேஜ் பிடிக்கத் தெரிந்தவருக்கு வேலை மறையாது என்பதை இது காட்டுகிறது.

வேலையின் வரிசை

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான். முதலில் சட்ட அனுமதியும் முறுக்குவிசைப் பொருத்தமும்; அடுத்து சுழல் திசையும் வேகக் கணக்கும்; அதன்பின் உரசும் முகத்தின் ஆழம், தண்டின் முனை, கிராங்க் முகப்பு ஆகிய மூன்று அளவுகள்; பிறகு தட்டு, புஷ், கிளட்ச் தட்டு; தொடர்ந்து டயல் கேஜ் சோதனை; கடைசியில்தான் போல்ட் இறுக்குவது. இவ்வரிசையைத் தலைகீழாகத் தொடங்கி, முதலில் தட்டை வெட்டிவிட்டுப் பிறகு அளவு பார்ப்பவர்களே இருமுறை செலவு செய்கிறார்கள்.